மூன்றரை வருடம் ஓட்டிய பிறகு: என் வீட்டு சிஎன்சி ரவுட்டரும் நின்று நின்று போன எக்ஸ் மோட்டாரும்

போன வாரம் ஈரோட்டில் மரவேலை செய்யும் நண்பர் போன் செய்தார். "உங்க மெஷினைப் பார்த்துட்டு நானும் ஒண்ணு கட்டலாம்னு இருக்கேனுங்க, கட்டட்டுங்களா?" என்று கேட்டார். நான் அப்போதுதான் என் சிஎன்சி ரவுட்டரை (கம்ப்யூட்டர் சொல்படி மரத்தைச் செதுக்கும் மெஷின்) மூன்று நாளாகப் பிரித்துப்போட்டு மாட்டி முடித்திருந்தேன். வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மெஷின் பலரும் கட்டுகிற அதே அமைப்புதான்: நீமா 23 அளவு ஸ்டெப்பர் மோட்டார் (ஒவ்வொரு பல்ஸுக்கும் ஒரு சின்ன அடி சுற்றுவது), அதற்குக் கரண்ட் கொடுக்கும் டிபி6600 டிரைவர், மோட்டார் சுற்றினால் தலையை நகர்த்தும் 1605 பால் ஸ்க்ரூ (ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும்), பல்ஸ் அனுப்ப ஆர்டுயினோ யூனோ போர்டில் ஜிஆர்பிஎல் புரோகிராம். பக்கப் பலகைகள் மட்டும் அலுமினியம் இல்லை, 18 மி.மீ. பிளைவுட்டை இரண்டிரண்டாக ஒட்டியது. அப்போது கையில் இருந்த காசுக்கு அதுதான் முடிந்தது.

இந்த மூன்றரை வருடத்தில் பூஜை அறைக் கதவுகள், பெயர்ப் பலகைகள், ஜன்னலுக்கு ஜாலி வேலை என்று எவ்வளவோ செய்துவிட்டேன். தேக்கில் 3 மி.மீ. பால் நோஸ் பிட் (நுனி உருண்டையான வெட்டுக் கத்தி) போட்டு தாமரை இதழ் எடுத்தால் நுனி அவ்வளவு சுத்தமாக வரும், உப்புத்தாள் லேசாகத் தேய்த்தால் போதும். வேலையின் தரத்தைப் பற்றி ஒரு குறை சொல்ல மாட்டேன்.

குறை ஒன்றே ஒன்று, பிட் மாட்டிய தலையை இடவலமாக நகர்த்தும் எக்ஸ் மோட்டார் நிற்பது. வேகமாக நகரும்போது திடீரென்று கிர்ர்ர் என்று ஒரு சத்தம், தலை அப்படியே நிற்கும், அரை நொடியில் மறுபடி கிளம்பிவிடும். பார்ப்பவருக்கு ஒன்றும் ஆகாத மாதிரி இருக்கும், ஆனால் அதற்குள் எல்லாம் போயிருக்கும். ஸ்டெப்பர் மோட்டாரில் திரும்பித் தகவல் சொல்ல எதுவும் கிடையாது, ஜிஆர்பிஎல் பல்ஸ் அனுப்புகிறது, மோட்டார் சுற்றியிருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. அது நின்றதே அதற்குத் தெரியாது. அப்புறம் வெட்டுகிற ஒவ்வொரு கோடும் தள்ளித்தான் விழும். ஒரு கதவுப் பலகையில் நான்கு மணி நேரம் வெட்டிய தாமரையின் நடுவே, 11 மி.மீ. தள்ளி, பாதி முடிந்த இதழை உழுதுகொண்டு போனது பிட். அந்தத் தேக்குப் பலகை இன்னும் என் பட்டறைச் சுவரில்தான் சாய்ந்து நிற்கிறது.

முதல் சந்தேகம் டிரைவர் மேல். எக்ஸ், ஒய் இரண்டின் டிரைவரையும் மாற்றி மாற்றிப் போட்டேன், நிற்பது எக்ஸ்தான் என்றால் டிரைவர் குற்றமில்லை. (பவரை அணைத்து, கொஞ்சம் பொறுத்து, அப்புறம்தான் மோட்டார் ஒயரைக் கழற்ற வேண்டும். கரண்ட் ஓடும்போது கழற்றி ஒரு டிரைவரை எரித்திருக்கிறேன்.) அடுத்து மோட்டார் ஷாஃப்ட்டையும் பால் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங். அதை இறுக்கும் கிரப் ஸ்க்ரூ தளர்ந்து ஷாஃப்ட் வழுக்கினாலும் இதே போல்தான் கோடு தள்ளிப்போகும். மார்க்கரால் ஷாஃப்ட்டில் தொடங்கி கப்ளிங் வரை ஒரே கோடாக இழுத்துவிட்டு ஒரு வேலை ஓட்டினேன். தலை நின்றது, கோடு நேராகவே இருந்தது. அப்படியானால் வழுக்கவில்லை, மோட்டாரேதான் நிற்கிறது.

வெட்டும்போது அது நிற்பதில்லை, வெட்டி முடித்து வேகமாகத் திரும்பும்போதுதான் நிற்கும். நிமிடத்துக்கு 3000 மி.மீ. வைத்திருந்தேன். 5 மி.மீ. பிட்ச்சுக்கு அது 600 ஆர்பிஎம். எட்டு மைக்ரோஸ்டெப்பில் (ஒரு அடியை எட்டாகப் பிரிப்பது, சுற்றுக்கு 1600 பல்ஸ்) நொடிக்கு 16,000 பல்ஸ், யூனோ 30,000 வரை தாங்கும், அதனால் அங்கே சிக்கல் இல்லை. மோட்டார் பக்கம்தான் பலவீனம். காயிலில் கரண்ட் ஏற நேரம் வேண்டும், வேகம் கூடினால் அந்த நேரம் கிடைக்காது, போதாததற்குச் சுற்றுகிற மோட்டாரே எதிர் வோல்டேஜ் கொடுக்கும், இழுவை குறைந்துபோகும். கரண்ட் சுவிட்சைக் கூட்டினால் மோட்டார் சூடாகுமே தவிர இந்த வேகத்தில் பெரிய பலன் இல்லை, வோல்டேஜைத்தான் கூட்ட வேண்டும். 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ்ஸை (பவர் சப்ளை) எடுத்துவிட்டு 36 வோல்ட் போட்டேன். நின்றுபோவது நின்றது. நான்கு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை, பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி மழையில் மறுபடி ஆரம்பித்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மோட்டாரையே மாற்றிவிடலாம் என்று கோவை ஆவாரம்பாளையத்தில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறை அண்ணனிடம் போனேன். அவர், "மோட்டார் மேல பழி போடாதீங்க தம்பி. கப்ளிங்கைக் கழட்டிப்போட்டு ஸ்க்ரூவைக் கையில சுத்திப் பாருங்க" என்றார்.

சுற்றினேன். நடுவில் இரண்டு விரலுக்கு வழுவழுவென்று வந்தது. இடது கோடியில், ஸ்க்ரூ நுனியைத் தாங்கும் மோட்டார் பக்கத்துப் பேரிங் பிளாக்குக்கு ஒரு சாண் இருக்கும்போது கனக்க ஆரம்பித்தது, கடைசி நான்கு விரல் தூரத்தில் முழுக் கையும் வேண்டியிருந்தது. என் ஹோம் பாயின்ட் (தலை திரும்பி வந்து நிற்கும் இடம்) அந்தக் கோடியில்தான் இருக்கிறது. வேகமாகத் திரும்புவதெல்லாம் அங்கேதான் போய் முடியும்! இத்தனை நாளும் வேகத்தைப் பார்த்தேனே தவிர, எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்கவில்லை.

தலையை அந்தக் கோடிக்குக் கொண்டுபோய், ஸ்க்ரூ மேல் ஓடும் நட்டைத் தலையோடு பிடித்திருக்கும் பிராக்கெட்டின் நான்கு போல்ட்டையும் ஆலன் கீயால் தளர்த்தினேன். நான்காவது தளர்ந்ததும் பிராக்கெட் டக் என்று தானாக மேலே எழும்பியது. ஃபீலர் கேஜ் விட்டால் 0.4 மி.மீ. இடைவெளி. நடுவில் இருக்கும்போது ஸ்க்ரூ கொஞ்சம் வளைந்துகொடுத்து இதை மறைத்துவிடும், பிளாக்கை நெருங்கினால் வளைய இடமில்லை, நட் இறுகும். பிளாக் உட்கார்ந்திருப்பது பிளைவுட் பலகையில், அது ஈரத்தில் ஊதி நகர்ந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். 36 வோல்ட் அந்த இறுக்கத்தைத் தாண்டி இழுத்துக்கொண்டிருந்ததே தவிர எதையும் சரிசெய்யவில்லை. பித்தளைத் தகட்டை வெட்டி அடியில் கொடுத்து, பழைய கிரீஸும் மரத்தூளும் சேர்ந்த களிம்பைத் துடைத்து, புது கிரீஸ் போட்டு மாட்டினேன். ஆக்சிலரேஷனையும் (வேகம் ஏறும் விகிதம்) 250இலிருந்து 150க்குக் குறைத்துவிட்டேன், அதனால் வேலை நேரம் கொஞ்சம் கூடுகிறது.

இப்போது நிற்பதில்லை. டிரைவரும் மோட்டாரும் நல்ல சரக்குதான், அவற்றைத் திட்டியது என் தவறு. இருந்தாலும் நண்பருக்குச் சொன்னதை மாற்ற மாட்டேன்: கட்டாதீங்க. கட்டியே தீருவேன் என்றால் பக்கப் பலகைக்கு மரம் வேண்டாம், என்கோடர் (எவ்வளவு சுற்றியது என்று திரும்பித் தகவல் சொல்வது) வைத்த குளோஸ்டு லூப் மோட்டார் போடுங்கள். ஸ்க்ரூ இறுகுவதை அதுவும் தடுக்காது, ஆனால் மோட்டார் பின்தங்கினால் டிரைவர் அலாரம் கொடுக்கும், அந்த அலாரம் ஒயரைக் கன்ட்ரோலருக்கும் கொடுத்துவிட்டால் வேலை அங்கேயே நிற்கும், பலகை பிழைக்கும்.

நேற்று அதே தாமரைக் கதவைப் புதுத் தேக்கில் மறுபடி வெட்டினேன். ஏழு மணி நேரம், ஒரு கோடு தள்ளவில்லை, அழகாக வந்திருக்கிறது. அந்த ஏழு மணி நேரமும் எமர்ஜென்சி பட்டனில் கை வைத்தபடி பக்கத்திலேயே நின்றேன், சாப்பிடக்கூடப் போகவில்லை.