கீட்டோவா, லா பாஸா? முதலில் விமான நிலையத்தின் உயரத்தைப் பாருங்கள்

ஆண்டீஸ் மலைப் பக்கம் முதல்முறை போகிறவர்கள் பலர் இந்த இரண்டு ஊர்களுக்கு நடுவில்தான் தடுமாறுகிறார்கள்: ஈக்வடாரின் கீட்டோ, பொலிவியாவின் லா பாஸ். (அரசியல் சாசனப்படி பொலிவியாவின் தலைநகரம் சூக்ரே. அரசும் நாடாளுமன்றமும் இயங்குவது லா பாஸில்.) ஸ்பானியர் காலத்துத் தேவாலயங்கள், பனிமலைக் காட்சி, கேபிள் கார், சந்தைகள் எல்லாம் இரண்டிலும் உண்டு. படங்களை மட்டும் பார்த்தால் லா பாஸ்தான் மனதை இழுக்கும். ஆனாலும் நான் தேர்ந்தது கீட்டோ. முதல் பயணம் என்று யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். காரணம், உயரம். அதிலும் முக்கியமாக, விமான நிலையம் ஊருக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பது.

கீட்டோ நகரம் சுமார் 2,850 மீட்டரில் இருக்கிறது. 2013 பிப்ரவரியில் திறந்த அதன் விமான நிலையம் ஊருக்குக் கிழக்கே தபபேலாவில், ஏறத்தாழ 2,400 மீட்டரில். அதாவது தாழ்வான இடத்தில் இறங்கி, பிறகு ஊருக்கு ஏறுகிறோம். லா பாஸில் தலைகீழ். விமானம் இறங்குவது எல் ஆல்ட்டோவில், 4,061 மீட்டரில். அங்கிருந்து 3,640 மீட்டரில் உள்ள நகர மையத்துக்கு இறங்க வேண்டும். கடல்மட்டத்தில் உள்ள லிமாவிலிருந்து ஒரே தாவலில் வருகிறவருக்கு, விமானக் கதவு திறந்ததுமே மூச்சு வாங்கும். பெட்டியை இழுத்துக்கொண்டு குடியேற்ற வரிசையில் நிற்பதே ஒரு வேலையாகிவிடும்.

காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு எங்கும் 21 சதவீதம்தான். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் ஒரு மூச்சில் கிடைக்கும் அளவு குறைகிறது. கடல்மட்டத்தை 100 என்று வைத்தால் கீட்டோவில் சுமார் 72, லா பாஸ் மையத்தில் 65, எல் ஆல்ட்டோவில் 61 அல்லது 62. கீட்டோவுக்கும் லா பாஸுக்கும் இடையிலான அந்த ஏழு புள்ளியில்தான் பலருடைய முதல் இரண்டு நாள் போய்விடுகிறது. 2009 ஏப்ரல் 1 அன்று லா பாஸில் மரடோனா பயிற்றுவித்த, மெஸ்ஸி ஆடிய அர்ஜென்டினா 6-1 என்று தோற்றது. அந்தத் தோல்விக்குப் பலரும் இந்தக் காற்றைத்தான் காரணம் சொன்னார்கள்.

உயர நோய் ஊரில் வந்து இறங்கிய உடனே தெரியாது. பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கம் கெடுதல் என்று ஆரம்பிக்கும். பகலில் இறங்கி, “ஒன்றுமில்லையே” என்று ஊர் சுற்றிவிட்டு, இரவில் அவதிப்படுவது இதனால்தான். லேசான தலைவலி என்றால் அங்கேயே ஓய்வெடுத்தால் போதும். ஓய்வில் இருக்கும்போதே மூச்சு திணறினாலும், நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலும், பேச்சு குழறினாலும் உடனே கீழே இறங்கியே ஆக வேண்டும். ஆக்ஸிஜன் கொடுப்பது இறங்கும் வரை தாக்குப்பிடிக்கத்தான்.

இரண்டு ஊர்களும் பிரிவது இந்த இடத்தில்தான். கீட்டோவில் உடம்பு சரியில்லை என்றால் டாக்சி பிடித்து தும்பாக்கோ அல்லது புவெம்போ பள்ளத்தாக்குக்குப் போய்விடலாம்; நெரிசல் இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் 2,400 மீட்டர். இன்னும் இறங்க வேண்டுமா, இரண்டு மணி நேரத்தில் 1,250 மீட்டரில் உள்ள மிண்டோ. விமானம் ஏறப் போகும் வழியும் இறக்கம்தான். லா பாஸில் வெளியேறும் முக்கிய வழிகள் எல்லாமே முதலில் மேலே ஏறுகின்றன. விமான நிலையம், டிட்டிகாக்கா ஏரி, ஒருரோ என எங்கே போனாலும் எல் ஆல்ட்டோவைத் தாண்ட வேண்டும். சுமார் 1,700 மீட்டரில் இருக்கும் கொரோய்க்கோவுக்குப் போய் ஓய்வெடுக்கலாம் என்று நினைத்தால், வழியில் 4,650 மீட்டர் லா கும்ப்ரே கணவாய் குறுக்கே நிற்கிறது. ஏறாமல் இறங்கக் கிடைப்பது நகரின் தெற்குப் பகுதியான சோனா சூர், அதாவது 3,300 மீட்டர் அளவு. அதற்குக் கீழே மெக்கபாக்கா பக்கத்துப் பள்ளத்தாக்கு. அறுபது தாண்டிய அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள், ஆஸ்துமா, ரத்தசோகை, இதயக் கோளாறு உள்ளவர்கள் இந்த ஒரு விஷயத்தை வைத்தே முடிவெடுக்கலாம். மருத்துவரிடம் கேட்கும்போது ஊர்ப் பெயரைச் சொல்வதைவிட இரவு தூங்கப்போகும் உயரத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

கீட்டோவுக்கு நான் பரிந்துரைக்கும் வரிசை இது. முதல் இரவு விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே, புவெம்போ அல்லது தும்பாக்கோவில். ஐரோப்பாவிலிருந்து வரும் நீண்ட பயணத்துக்குப் பிறகு இது இரட்டை லாபம். இரண்டாம் நாள் நகருக்கு ஏறி, பழைய நகரில் சமதளமான பிளாசா கிராண்டே, சான் பிரான்சிஸ்கோ சதுக்கம் வரை மட்டும். மூன்றாம் நாள் தேவாலயங்கள். நான்காம் நாளுக்கு முன் தெலெஃபெரிக்கோ கேபிள் கார் வேண்டாம். அது 3,100 மீட்டர் அளவில் தொடங்கி, கால் மணி நேரம், இருபது நிமிடத்துக்குள் 3,945 மீட்டரில் கொண்டுபோய் விடுகிறது. கீட்டோவில் உயர நோய் பிடிப்பவர்களில் பலர் வந்த மறுநாளே இதில் ஏறியவர்கள்தான். மேலே இருந்து 4,696 மீட்டர் ருக்கு பிச்சிஞ்சா சிகரத்துக்கு நடைபாதை உண்டு. பிற்பகலில் மேகம் கூடி இடி இறங்கும், கடைசிப் பகுதி சரளும் பாறையும். காலை முதல் பெட்டியில் ஏறி, மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள். கோத்தோபாக்சி எரிமலையின் 4,864 மீட்டர் தங்குமனை வரை நடப்பதைப் பயணத்தின் கடைசிக்குத் தள்ளுங்கள். வாகனம் நிற்கும் இடமே 4,600 மீட்டரை ஒட்டியது.

லா பாஸ்தான் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. லிமாவிலிருந்து நேரே போகாமல் சான்டா குரூஸ் (சுமார் 400 மீட்டர்) வழியாக வந்து, கொச்சபம்பாவில் (சுமார் 2,550 மீட்டர்) இரண்டு மூன்று இரவு தங்கிவிட்டுப் போங்கள். அப்போதும் முதல் இரவுகளுக்கு அறையை மையத்தில் எடுக்காமல் சோனா சூரின் கலகோட்டோவில் எடுங்கள். அசெட்டசோலமைடு மாத்திரை இங்கே உண்மையாகவே உதவும். வழக்கமான தடுப்பு அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை. ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்கி, மேலே போய் இரண்டு நாள் வரை. விரல் நுனி மரமரக்கும், சிறுநீர் அடிக்கடி போகும், சோடா ருசி கெடும். இவை மருந்தின் பக்கவிளைவுகள். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. விடுதிகளில் கொடுக்கும் கோகா இலைத் தேநீர் பொலிவியாவில் சட்டப்படியானது, குடிக்க இதமானது. உயர நோயைத் தடுக்கும் என்று நம்பி மாத்திரையை விடாதீர்கள். குடித்த பின் சிறுநீர்ச் சோதனையில் கொக்கெய்ன் காட்டும். இலையையோ தேநீர்ப் பையையோ இந்தியாவுக்குக் கொண்டுவருவது குற்றம். விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் மானி கொண்டுபோகிறவர்கள், லா பாஸில் 90-ஐ ஒட்டி காட்டினால் பதற வேண்டாம், அங்கே அது சாதாரணம். எண் எதுவானாலும், ஓய்வில் இருக்கும்போதே மூச்சு திணறினால் முன்பு சொன்னபடி கீழே இறங்குங்கள்.

சமையலறை உள்ள வீடு எடுத்துத் தங்குகிறவர்களுக்கு ஒன்று. தண்ணீர் கீட்டோவில் 91 டிகிரியை ஒட்டியும் லா பாஸில் 88 டிகிரியை ஒட்டியும் கொதித்துவிடுகிறது. எவ்வளவு தீ வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. அரிசி நடுவில் விதையாக நிற்கும், பருப்பு மணிக்கணக்கில் கிடக்கும். பிரஷர் குக்கர் இருக்கிறதா என்று முன்பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். ‘ஓயா தே பிரெசியோன்’ என்றால் புரியும்.

பார்க்க வேண்டியவை என்று வந்தால் கீட்டோவின் பழைய நகரம் தனி ரகம். 1978-ல் யுனெஸ்கோ முதன்முதலாக அறிவித்த பாரம்பரிய இடங்களில் ஒன்று. லா கொம்பனியா தேவாலயத்தைக் கட்ட 1605 முதல் 1765 வரை 160 ஆண்டு ஆயிற்று. உள்ளே தூண், வளைவு, கூரை என்று கண் படும் இடமெல்லாம் தங்கத்தகடு. பசிலிக்கா தேவாலயத்தில் நீர்த்தாரைச் சிற்பங்களாக வழக்கமான பூதங்களுக்குப் பதில் ஆமை, இகுவானா, குரங்கு என ஈக்வடாரின் விலங்குகள் நீட்டிக்கொண்டிருக்கும். கோபுரம் ஏற, கூடத்தின் கூரைக்கு மேலே பலகைப் பாலத்தில் நடந்து, பிறகு செங்குத்தான இரும்பு ஏணி. உயரப் பயம் உள்ளவர்கள் கீழேயே நின்று பார்க்கலாம். 2023 டிசம்பரில் மெட்ரோ ஓடத் தொடங்கியது. 15 நிலையங்கள், கட்டணம் 45 சென்ட். சான் பிரான்சிஸ்கோ நிலையத்தில் இறங்கினால் பழைய நகரின் நடுவில் நிற்பீர்கள்.

நிலநடுக்கோட்டு நினைவுச்சின்னமான மித்தாத் தெல் முந்தோ அரைநாள் வேலை. அங்கே தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டுக்கு உண்மையான நிலநடுக்கோடு சுமார் 240 மீட்டர் வடக்கே போகிறது. பக்கத்தில் தொட்டித் தண்ணீர் கோட்டின் இருபுறமும் எதிரெதிராகச் சுழலும் என்று காட்டுவார்கள். தண்ணீரை எந்தப் பக்கமாக ஊற்றுகிறார்கள் என்று கவனியுங்கள், விடை அதில் இருக்கிறது. புவிச்சுழற்சியின் விளைவு அவ்வளவு சிறிய தொட்டியில் தெரிய வாய்ப்பே இல்லை.

லா பாஸ் தெளிவாக முந்துவது கேபிள் காரில். அங்கே அது ஊர்மக்களின் பேருந்து. 2014-ல் சிவப்பு வழித்தடத்தில் தொடங்கிய மி தெலெஃபெரிக்கோ இன்று பத்து வழித்தடம். சிவப்பில் ஏறினால் வியாழன், ஞாயிறு கூடும் எல் ஆல்ட்டோவின் 16 தே ஹூலியோ சந்தை. மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறினால் சோனா சூர். இல்லிமானி பனிமலையைப் பார்த்தபடி, சில பொலிவியானோ செலவில் முழு ஊரையும் மேலிருந்து பார்க்க உலகத்தில் வேறெங்கும் முடியாது. சாலை மறியல் நாட்களிலும் பெரும்பாலும் ஓடும். இது அங்கே சின்ன விஷயமில்லை, ஏனென்றால் பொலிவியாவில் மறியல் அடிக்கடி நடக்கும், கோப்பகபானா, உயூனி பேருந்துகள் நாள் கணக்கில் நிற்கும். லா பாஸ் திட்டத்தில் திரும்பும் விமானத்துக்கு முன் இரண்டு நாளாவது கையில் வைத்திருங்கள்.

பாதுகாப்பில் கீட்டோவுக்காக வாதாட மாட்டேன். 2024 ஜனவரியில் அதிபர் டேனியல் நொபோவா நாட்டில் உள்நாட்டு ஆயுத மோதல் நிலவுவதாகவே அறிவித்தார். வன்முறையின் மையம் குவாயாகில், எஸ்மரால்டாஸ் போன்ற கடற்கரைப் பகுதிகள்தான் என்றாலும், கிளம்பும் வாரத்தின் நிலவரத்தைப் பார்க்காமல் போகக்கூடாது. நகருக்குள் பயம் பெரும்பாலும் திருட்டு. பனெசீயோ குன்றுக்குப் படிக்கட்டில் நடந்து ஏறாதீர்கள், டாக்சியில் போய், அதையே காத்திருக்கச் சொல்லித் திரும்புங்கள். கூட்டமான பேருந்தில் முதுகுப்பையைக் கிழிப்பதும், சட்டையில் எதையாவது கொட்டிவிட்டுத் துடைக்க வருவதும் பழைய தந்திரங்கள். இரவில் தெருவில் கை காட்டி டாக்சி நிறுத்துவது இரண்டு ஊரிலும் வேண்டாம்.

பணம் கீட்டோவில் எளிது. 2000 முதல் அமெரிக்க டாலர்தான் புழக்கம். 50, 100 நோட்டுகளைக் கடைகளில் வாங்க மாட்டார்கள்; 1, 5, 10 ஆகக் கொண்டுபோங்கள். சில்லறையாகக் கிடைக்கும் ஈக்வடார் சென்ட் நாணயங்கள் வெளிநாட்டில் செல்லாது, கிளம்பும் முன் செலவழித்துவிடுங்கள். பொலிவியாவில் டாலருக்கு 6.96 என்ற அதிகார விகிதம் பல ஆண்டுகள் அசையாமல் நின்று, 2023 முதல் தட்டுப்பாட்டில் வெளிச்சந்தை விலை அதைவிட்டு விலகிப்போனது. அங்கே கிழியாத, எழுத்து படாத டாலர் நோட்டுதான் பலம்.

சைவர்களுக்கும் கீட்டோவே கொஞ்சம் இணக்கம்: உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்ந்த லோக்ரோ, யாப்பிங்காச்சோ, சோற்றோடு பயறு மெனெஸ்ட்ரா. ‘சின் கார்னே’ (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் கோழி வந்துவிடும், ‘சின் போயோ’ (கோழி இல்லாமல்) என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். சூப்பின் அடிச்சாறு எதில் செய்தது என்றும் கேளுங்கள். லா பாஸில் ஊதாச் சோளப் பானமான ஆப்பி, அதோடு பொரித்த பாலாடைக்கட்டிப் பணியாரம் காலை உணவுக்கு அருமை.

பருவத்தில் பெரிய சிக்கல் இல்லை. கீட்டோவில் ஜூன் முதல் ஆகஸ்ட், லா பாஸில் மே முதல் அக்டோபர் வறண்ட காலம். லா பாஸின் ஜூன், ஜூலை இரவுகள் உறையும் குளிர், பல விடுதிகளில் அறைச் சூடேற்றி கிடையாது. கீட்டோவில் வெயில் சுகமாகத் தெரிந்தாலும் புற ஊதாக் கதிர் கடுமை. மேகம் மூடிய நாளிலும் களிம்பு தடவுங்கள்.

6,088 மீட்டர் ஹுவாய்னா பொட்டோசி போன்ற சிகரம் ஏற வருகிறவர்களுக்கும், உயூனி உப்பு வெளிக்காகவே வருகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு லா பாஸைத் தவிர்க்க முடியாது. இரண்டு ஊரும் வேண்டும் என்றால் கீட்டோ முதலில், லா பாஸ் பிறகு.

எதைத் தேர்ந்தாலும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். நீங்கள் போகும் நகரம் கொசு வாழாத உயரத்தில் இருந்தாலும், நோய் உள்ள நாடுகளின் பட்டியலில் இரண்டு நாடும் இருப்பதால், சான்றிதழ் இல்லாமல் திரும்புகிறவரை இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். சென்னையில் கிண்டி கிங் நிலையத்திலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும் என்பதால், முன்பதிவு நாளைப் பயணத் தேதிக்கு மூன்று வாரம் முன்பாகவே வாங்கிவிடுங்கள். அமெரிக்கா வழியாக டிக்கெட் எடுத்தால் விமானம் மாறுவதற்கே விசா வேண்டும். ஆம்ஸ்டர்டாம் வழியாகக் கீட்டோவுக்குப் போவது அந்த வகையில் தொல்லை குறைவு. ஈக்வடார், பொலிவியா விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை, டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன் தூதரக அறிவிப்பைப் பாருங்கள்.