ஹப்புத்தளையில் ஒரு மாடி அனெக்ஸ்: கோஷர் சாப்பிடும் தோழிக்குக் கிடைத்த அடுப்படி

மலையகத்தில் கோஷர், அதாவது யூதர்களின் உணவு விதிப்படி மட்டும், சாப்பிடும் விருந்தாளியை எங்கே தங்கவைப்பது என்று நான் தேடியபோது தமிழில் ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. அதனால்தான் இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இடம் ஹப்புத்தளை, டவுனிலிருந்து தம்பேதன்ன பக்கம் போகும் ரோட்டில், ஓய்வுபெற்ற தோட்டப் பள்ளிக்கூட டீச்சர் ஒருவருடைய வீட்டு மாடி. இரண்டு அறை, குளியலறை, தனி வாசல், தனி அடுப்படி. ஒரு இரவுக்கு 8,500 ரூபாய் கொடுத்தோம், 6 இரவு தங்கினோம்.

வந்தவர் என் தோழி, வயதில் மூத்தவர் என்பதால் நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எருசலேமில் அவருடைய அம்மாவை 5 வருடம் பார்த்துக்கொண்டேன். பராமரிப்பு வேலைக்கு இங்கிருந்து அங்கே போய்வந்தவர்களுக்கு அந்த வாழ்க்கை தெரியும். அந்த வீட்டு அடுப்படியில் எல்லாமே இரண்டு: இரண்டு சிங்க், இரண்டு செட் சட்டி பானை, இரண்டு செட் கரண்டி, இறைச்சிக்குச் சிவப்புத் துணி, பாலுக்கு நீலத் துணி. குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்கக் கூடாது என்று அவர்களுடைய வேதமான தோராவில் 3 இடத்தில் வருகிறது, இந்த ஒழுங்கெல்லாம் அதிலிருந்து கிளைத்தது. இறைச்சி சாப்பிட்டால் அந்த அம்மா 6 மணி நேரத்துக்குப் பால் பக்கம் போக மாட்டார். சமைப்பது நான்தான், ஆனால் அடுப்பைப் பற்றவைப்பது அவர். வோக்கரைத் தள்ளிக்கொண்டு அடுப்படிவரை வருவார், நடுங்குகிற கையால் திருகைத் திருப்புவார், நெருப்பு வந்ததும் இனி உன் வேலை என்பது போலத் தலையை அசைத்துவிட்டுத் திரும்பிப் போவார். யூதர் அல்லாதவர் தனியே சமைத்ததைச் சாப்பிடுவதில்லை, நெருப்பையாவது அவர்களில் ஒருவர் மூட்டியிருக்க வேண்டும் என்பது அஷ்கனாசி யூதர்களின் வழக்கம். செபர்தி யூதர்களுக்கு அதுவும் போதாது, சட்டியை அடுப்பில் ஏற்றுவதையும் அவர்களே செய்ய வேண்டும். அம்மா இறந்து நான் ஊர் திரும்பிய பிறகும் அக்காவோடு எனக்குப் பேச்சு விட்டுப்போகவில்லை.

அவர் முதல் தடவை இங்கே வந்தபோது மலையகத்தில் ஒரு ஹோட்டலில் அறை போட்டேன், பெயர் வேண்டாம். போனில் கேட்டதற்கு “வெஜிடேரியன்தானே மேடம், பிரச்சினை இல்லை” என்றார்கள். நேரில் போய்ப் பார்த்தால் கோழி பொரித்த அதே தாச்சியில் மரக்கறி ரோல்ஸ் மிதக்கிறது, தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாடு போட்டிருக்கிறது. அக்கா 3 நாளும் வாழைப்பழம், பெட்டியில் கொண்டுவந்த பிஸ்கட், டின் மீன் என்று ஓட்டினார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை, என்னைப் பார்க்க இவ்வளவு தூரம் வந்தவர் என் ஊரில் பட்டினி கிடக்கிறாரே என்று.

அப்போது நிறையப் பேர் எனக்கு யோசனை சொன்னார்கள். சைவக்கடைக்குக் கூட்டிப் போ என்றார்கள், ஹலால் கடை போதும் என்றார்கள். இரண்டுமே போதாது. இறைச்சி இல்லை என்பதால் மட்டும் ஒன்று கோஷர் ஆகிவிடாது: முன்னால் அந்தச் சட்டியில் என்ன வெந்தது, கீரையில் பூச்சி பார்த்தார்களா, நெருப்பு மூட்டியது யார் என்று கேள்வி நிறைய இருக்கிறது. ஹலாலில் இறால் சாப்பிடலாம் என்பார்கள், கோஷரில் இறால், நண்டு, கணவாய் எதுவும் கிடையாது, ஆட்டையோ மாட்டையோ அறுப்பதும் அதற்கென்று படித்த யூதர்தான் அறுக்க வேண்டும். ஆகவே அவருக்கு வேண்டியது நல்ல மெனு இல்லை. தன் கையில் ஒரு நெருப்பு, தன்னுடைய ஒரு சட்டி, அவ்வளவுதான்.

அதனால் இந்த அனெக்ஸுக்கு போன் பண்ணியபோது என்ன சாப்பாடு இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை. அடுப்படியைக் காலி பண்ணித் தருவீர்களா என்று மட்டும் கேட்டேன், ஏன் என்று விளக்கினேன். டீச்சர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நம்ம வீட்டுல சஷ்டி விரதத்துக்குத் தனிச் சட்டி எடுத்து வைக்கிறோம்ல, அது மாதிரிதானே, வாங்க” என்றார். நாங்கள் போனபோது அலுமாரித் தட்டுகள் எல்லாம் கழுவிக் காயவைத்துப் பேப்பர் விரித்திருந்தது. ஒரு கரண்டிகூட விட்டுவைக்கவில்லை, மொத்தத்தையும் கீழே கொண்டுபோயிருந்தார். கேஸ் அடுப்பு இரண்டு பர்னர், நல்ல நிலையில் இருந்தது. அக்கா பர்னரின் மேல் கம்பிகளை நன்றாகச் சூடேற விட்டு, சுற்றிலும் அலுமினியத் தாளால் மூடினார். சிங்க்குக்குள் ஒரு புது பேசினை வைத்து அதில்தான் பாத்திரம் கழுவினோம். இதையெல்லாம் வாசலில் நின்று பார்த்த டீச்சருடைய முகத்தில் ஒரு சுளிப்பு வரவில்லை, நம் வீடு என்ன அசுத்தமா என்று கேட்கவும் இல்லை. எத்தனை நட்சத்திர ஹோட்டலில் இது கிடைக்கும்?

பாத்திரம் பண்டாரவளையில் வாங்கினோம்: எவர்சில்வர் பானை ஒன்று, சட்டி ஒன்று, கரண்டி, கத்தி, ஒரு மண்சட்டி. பாலும் இறைச்சியும் சமைப்பதே இல்லை என்று முடிவு பண்ணியதால் ஒரே செட் போதுமாயிருந்தது. யூதர் அல்லாதவரிடம் வாங்கிய உலோகப் பாத்திரத்தையும் கண்ணாடியையும் பாவிப்பதற்கு முன்னால் இயற்கைத் தண்ணீரில் முழுக்காட்ட வேண்டும், கடலிலோ ஊற்றிலோ. மேற்பூச்சு இல்லாத மண்சட்டிக்கு அது வேண்டியதில்லை, ஆனால் கோஷர் இல்லாத ஒன்று அதில் வெந்துவிட்டால் பிறகு சுத்தப்படுத்த வழியே கிடையாது. நான் அவரைத் தோட்டத்துப் பீலிக்குக் கூட்டிப்போனேன். பீலியைப் பார்த்துவிட்டு இது ஆகாது என்றார்: குழாயில் விழும் தண்ணீரைப் பிடித்தால் போதாது, ஊற்றோடு ஒட்டியிருக்கும் தண்ணீருக்குள் பாத்திரம் முழுசாக மூழ்க வேண்டும். அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கேட்டுவிட்டு, மேலே ஊற்றுக்கண் இருக்கிறது வாங்க என்று தேயிலைக்கு நடுவே எங்களைக் கூட்டிப் போனார்கள். முழங்கால் அளவு தண்ணீர், பனிக்கட்டி மாதிரிக் குளிர். பானையில் ஒட்டியிருந்த விலை ஸ்டிக்கரின் பசை போகாமல் இருந்தது, கொஞ்சம் பசை இருந்தாலும் அந்த இடத்தில் தண்ணீர் படாது, முழுக்கு செல்லாது. அதில் ஒரு பெண் தலைக்கு வைக்கக் கொண்டுவந்த தேங்காய் எண்ணெயைத் தேய்த்து நகத்தால் சுரண்டி எடுத்துக் கொடுத்தார். அக்கா எபிரேயத்தில் ஆசி சொல்லி, பானையைத் தண்ணீருக்குள் விட்டு, எல்லாப் பக்கமும் நனையட்டும் என்று ஒரு நொடி கையைத் தளர்த்திப் பிடித்தார். அந்தப் பெண்கள் யாரும் சொல்லாமலே சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் நம் ஊர் அவருக்கு எவ்வளவு தோது என்று அங்கே இருந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. தேங்காய்ப்பால் பால் கணக்கில் சேராது, அதனால் எதோடும் சேர்க்கலாம். ரொட்டிக்குத் தேவை மா, தேங்காய்ப்பூ, உப்பு, தண்ணீர், அவ்வளவே, மாவை மட்டும் மெல்லிய சல்லடையில் அரித்துக்கொண்டோம். அரிசி பார்ப்பதற்குச் சொளகு இருக்கிறதே! ஜன்னல் வெளிச்சத்தில் சொளகைச் சாய்த்துப் புடைத்து வண்டு பார்க்கும் விதத்தை டீச்சர் காட்டிக் கொடுத்தார், இரண்டாம் நாள் அக்காவே புடைத்தார். லீக்ஸை நீளவாக்கில் பிளந்து இதழ் இதழாகக் கழுவினோம். கோவா (முட்டைக்கோஸ்), கீரை இரண்டையும் விட்டுவிட்டோம், பார்த்து முடிக்க அரை நாள் போய்விடும். கேரட், பீட்ரூட், போஞ்சி, நோக்கோல், உருளைக்கிழங்கு என்று மலை மரக்கறியில் வேறு என்ன குறை. முட்டையை ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் கிளாஸில் உடைத்து இரத்தப் புள்ளி பார்த்த பிறகே சட்டியில் ஊற்றினார்.

மீன் ஒரு நாள். செட்டையும் செதிலும் இருக்கும் மீன்தான் ஆகும், சுறா ஆகாது. தோலோடு முழு மீனாக ஒரு பாரை வாங்கினோம். அக்கா கடையிலேயே ஒரு செதிலை நகத்தால் கிளப்பிப் பார்த்தார், தோல் கிழியாமல் செதில் வர வேண்டுமாம். வெட்டியது எங்கள் கத்தியில், எங்கள் பலகையில், மீன்காரத் தம்பி கொஞ்சமும் கோபிக்காமல் இடம் விட்டார். புது மண்சட்டியில் கொறுக்காய் போட்டு வைத்த அந்தக் குழம்பு இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

சனிக்கிழமை தவிர ஒவ்வொரு நாளும் காலையில் அடுப்பைப் பற்றவைத்தது அக்கா. முதல் நாள் திருகைத் திருப்பிவிட்டு என்னைப் பார்த்து, அவருடைய அம்மா மாதிரியே தலையை அசைத்தார். நான் வெங்காயத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன்.

வெளியே போகும்போது ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு போனோம். லிப்டன் சீட் ஏறினோம், 1890ல் கட்டிய தம்பேதன்ன தொழிற்சாலையைப் பார்த்தோம். தேயிலைக்கு வாசனை எதுவும் சேர்க்காவிட்டால் தனிச் சான்றிதழ் வேண்டியதில்லை என்பதால் வழியில் எல்லா இடத்திலும் பேப்பர் கப்பில் இஞ்சி பிளேன்டீ. அடிஷாம் மடாலயத்தில் ஜாம் போத்தலைக் கையில் எடுத்து லேபிளை வாசித்துவிட்டுத் திரும்ப வைத்தார். சரி என்று ஒரு கிலோ பேரிக்காய் வாங்கிக் கொடுத்தேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதிலிருந்து சனி இரவு வரை யூதர்களுக்கு ஓய்வுநாள், அப்போது அவர் நெருப்போ ஸ்விட்சோ தொட மாட்டார். அதற்கான மெழுகுவர்த்தியை எருசலேமில் சூரியன் மறைய 40 நிமிடம் முன்னாலேயே ஏற்றுவோம், மற்ற ஊர்களில் பொதுவாக 18 நிமிடம். இந்த வீட்டு மாடிப்படியில் ஆள் நடந்தால் தானாக எரியும் லைட் ஒன்று இருக்கிறது, அதை வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் கவனித்தோம். டீச்சர் ஓடிப்போய் மெயின் பக்கத்தில் அதை மட்டும் நிறுத்திவிட்டு, பிரிட்ஜ் பல்பையும் கழற்றிக் கொடுத்தார். சாப்பாட்டைச் சூடாக வைக்க அக்கா கொண்டுவந்த பிளாட்டா என்ற மின்தட்டு நம் 230 வோல்ட்டில் வேலை செய்யும், ஆனால் பிளக் பொருந்தாது, அடாப்டர் தேடி டவுனுக்கு ஓடினேன். அதைக் கையோடு கொண்டு போங்கள். அடுப்படி ஜன்னல் சரியாகச் சாத்தாது, ஹப்புத்தளைக் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, பர்னரைச் சிறிதாக வைத்தால் அணைந்துவிடும், பக்கத்திலேயே நிற்க வேண்டும். டீச்சர் ஆசாரியை வரச்சொல்லியிருப்பதாகச் சொன்னார். சுடுதண்ணீர் காலையில் மட்டும்தான். ஏற்றமான ரோடு, முழங்கால் வலி உள்ளவர்கள் ஆட்டோவை வாசல்வரை வரச்சொல்லுங்கள்.

இங்கே அறை எடுப்பதானால் இரண்டு நாள் முன்னாலாவது போனில் பேசிவிடுங்கள், அடுப்படி காலியாக வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள், தமிழில் பேசினால் டீச்சருக்கு இன்னும் சுலபம்.

புறப்படும் அன்று அக்கா பானை, சட்டி, கரண்டி எல்லாவற்றையும் கழுவித் துடைத்து ஒரு பையில் போட்டு, வாயை டேப்பால் இரண்டு இடத்தில் ஒட்டி, டேப்பின் மேல் பாதியும் பையின் மேல் பாதியுமாக எபிரேயத்தில் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தார். பை இப்போது என் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. டிசம்பரில் அவர் திரும்ப வருகிறார், டீச்சரிடம் அதே அறையைச் சொல்லி வைத்துவிட்டேன்.