அண்டார்டிகா: 500 பேர் கப்பலா, 100 பேர் கப்பலா?

அண்டார்டிகா போக நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது, எந்தக் கப்பல் சுற்றுச்சூழலைக் குறைவாகக் கெடுக்கும் என்று. நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். ஒரு பக்கம் 2019இல் ஓடத் தொடங்கிய ரோல்ட் அமுண்ட்சென் போன்ற ஹைப்ரிட் கப்பல். பெரிய பேட்டரிகள், சுமார் 500 பயணிகள். இன்னொரு பக்கம் நூறு பேர் மட்டும் ஏறும் பழைய டீசல் கப்பல். நான் போனது சின்னதில். இன்னொரு முறை வாய்த்தாலும் அதில்தான் ஏறுவேன்.

அறை, சாப்பாடு, சானா என்ற வெப்பக் குளியல் எல்லாம் பெரிய கப்பலில்தான் வசதி, அதில் வாதமே இல்லை. தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே உள்ள டிரேக் நீரிணையைக் கடக்கும் இரண்டு நாளும் சின்னக் கப்பல் கூடுதலாக ஆடும். வாந்தி மாத்திரை கட்டாயம்.

எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது ஒரே விஷயம்: கரையிறங்கும் விதி. அண்டார்டிகா பற்றிக் கூடி முடிவெடுக்கும் அண்டார்டிக் ஒப்பந்த நாடுகள் 2009இல் ஏற்றுக்கொண்டபடி, ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் நூறு பயணிகளுக்கு மேல் நிற்கக் கூடாது. 500 பேருக்கு மேல் ஏற்றி வரும் கப்பலிலிருந்து ஒருவர்கூட இறங்க முடியாது. நூறு பேர் கப்பலில் எல்லோரும் ஒரே சுற்றில் இறங்கிவிடலாம். காலையில் ஒரு கரை, மதியத்துக்கு மேல் இன்னொன்று. ஐந்நூறு பேர் என்றால் ஐந்து குழு. ஆளுக்கு ஒரு மணி நேரம் என்றாலே ஐந்து மணி நேரம் போய்விடும். பென்குயின் பக்கம் யோசித்தாலும் அப்படித்தான். ஐந்து மீட்டர் தள்ளித்தான் நிற்கிறோம், சரி. ஆனாலும் கூடு கட்டும் இடத்தைச் சுற்றி ஆள் நடமாட்டம் ஒரு மணி நேரமா, ஐந்து மணி நேரமா என்பது எனக்குப் பெரிய வித்தியாசம்.

இறங்குவதற்கு முந்தைய சடங்கு இரண்டிலும் ஒன்றுதான். பாக்கெட், பையின் மூலை, வெல்க்ரோ பட்டை எல்லாவற்றையும் வேக்குவம் கிளீனரால் உறிஞ்ச வேண்டும். பூட்ஸ் அடியில் சிக்கியிருக்கும் விதையை ஊசி மாதிரி ஒன்றை வைத்துக் குத்தி எடுக்க வேண்டும். அப்புறம் கிருமிநாசினித் தொட்டியில் கால் வைத்து, கப்பலில் தந்த அடையாள அட்டையை ஸ்கேன் செய்துவிட்டு ரப்பர் படகில் ஏறலாம். வெளியிலிருந்து வந்த போவா அனுவா என்ற சாதாரணப் புல் ஏற்கெனவே அண்டார்டிகாவை ஒட்டிய கிங் ஜார்ஜ் தீவில் முளைத்துவிட்டதால் இந்தக் கண்டிப்பு அவசியமானதே.

இனி பேட்டரிக்கு வருவோம். அது முழு நேரமும் கப்பலை ஓட்டுவதில்லை. எஞ்சினுக்குத் துணை நின்று டீசலை மிச்சப்படுத்துகிறது. கப்பல்கள் எரிக்கும் கெட்டியான கனரக எண்ணெய்க்கு அங்கே 2011 ஆகஸ்ட் முதலே தடை, ஆகவே பழைய கப்பலும் அதை எரிப்பதில்லை. தலைக்கு எவ்வளவு டீசல் என்று பார்த்தால் சின்னக் கப்பல் தோற்கவும் கூடும், அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை. பெரிய கப்பலைப் பற்றி எனக்குத் தெரிந்ததும் என் நாத்தனார் போய்வந்து சொன்னதுதான். அவருக்குக் காத்திருந்த நேரம் சலிக்கவில்லையாம். மேல்தளத்திலிருந்தே திமிங்கலம் பார்த்திருக்கிறார். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அதுவே சரியாக இருக்கலாம்.

முன்பதிவு செய்யும்போது கப்பலில் எத்தனை படுக்கை என்று கேட்காதீர்கள். அந்தப் பயணத்துக்கு எத்தனை பேரை ஏற்றுகிறார்கள், ஒரு நாளைக்கு எத்தனை முறை கரையிறக்குவார்கள் என்று கேளுங்கள்.