துணிக்கூரையா, இரும்புக்கூரையா? மழை நாட்டில் ஒரு கன்வெர்டிபிள் கணக்கு

இங்கிலாந்தில் பழைய கன்வெர்டிபிள் (கூரையை மடக்கித் திறக்கும் கார்) ஒன்றை வாங்கலாம் என்று யார் கிளம்பினாலும் முதலில் கேட்பது இதைத்தான்: துணிக்கூரை எடுப்பதா, மடங்கும் இரும்புக்கூரை எடுப்பதா? கேட்பவர் மனதில் பதிலும் தயாராக இருக்கும். துணி ஒழுகும், இரும்பு ஒழுகாது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒரு நவம்பர் காலையில் சிக்னலில் பிரேக் அழுத்தும் வரை. இருக்கைக்குப் பின்னால் எங்கோ சலசலவென்று சத்தம். அடுத்த நொடி ஐஸ் மாதிரி தண்ணீர் முன்னே ஓடிவந்து என் ஷூவை நனைத்தது. தலைக்கு மேல் துணியைத் தடவிப் பார்த்தேன். உள்பக்கம் காய்ந்து கிடந்தது.

மாலையில் இருக்கைகளை முன்னே தள்ளி, பின்னாலிருந்த கார்பெட்டைத் தூக்கி, கூரையில் வழியும் மழைநீர் காருக்கு அடியில் இறங்கிப் போகும் வடிகாலின் வாய்க்குள் விரலை விட்டேன். மக்கிப்போன இலை, டீ வடிகட்டிய சக்கை மாதிரி, இரண்டு கைப்பிடி வந்தது. தெருவோர மரத்தடியில் நிறுத்திய பாவம். மொட்டை மாடியில் தண்ணீர் போகும் ஓட்டையை வேப்பஞ்சருகு அடைத்தால் கீழே சுவர் ஊறுமே, அதே கதைதான்.

இதைப் புரிந்துகொண்டால் ஒப்பீடே வேறு மாதிரி ஆகிவிடும். கன்வெர்டிபிள் கூரையைத் தண்ணீர் துளைத்துக்கொண்டு வருவது அபூர்வம். நல்ல துணிக்கூரை மூன்று அடுக்கு: வெளியே நெசவுத் துணி, நடுவில் ரப்பர், உள்ளே மெல்லிய பருத்தி. மழையைத் தடுப்பது அந்த நடு ரப்பர். கடையில் விற்கும் நீர்த்தடுப்பு ஸ்ப்ரேயை அடித்து ஒழுகலை நிறுத்தப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். அந்த ஸ்ப்ரே, வெளித்துணி தண்ணீரைக் குடித்துக் கனத்துப் பாசி பிடிக்காமல் இருக்கத்தான். ஒழுகலுக்கு அது மருந்து இல்லை.

துணிக்கூரை என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு சாதி. மலிவானது வைனல், அதாவது பிளாஸ்டிக் பூசிய துணி. 1989இல் வந்த முதல் மஸ்டா எம்.எக்ஸ்-5இல் இருந்தது வைனல் கூரையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பின்கண்ணாடியும்தான். குளிரில் ஜிப்பைத் திறக்காமல் கூரையை மடக்கினால் அந்தப் பிளாஸ்டிக் விரிசல் விடும். 1998இல் வந்த இரண்டாம் தலைமுறைக்குச் சூடேறும் நிஜக் கண்ணாடி கிடைத்தது. வைனலைக் கழுவித் துடைத்தால் போதும், பாசி அவ்வளவாக ஒட்டாது. ஆனால் வெயிலில் காய்ந்து, மடிப்பு விழும் இடங்களில் வெடிக்கும். மொஹேர் என்று இங்கே எல்லோரும் சொல்லும் நெசவுத் துணி (பெயர் ஆட்டு முடியினுடையது, ஆனால் அதற்கும் இதற்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை) அழகு, சத்தமும் குறைவு, ஆயுளும் அதிகம். பதிலுக்கு உழைப்பு கேட்கும். நிழலில் நிற்கும் பக்கம் பச்சை படியும். மென்மையான பிரஷ், லேசான சோப்பு, நிறையத் தண்ணீர், அப்புறம் முழுக்கக் காய்ந்த பிறகே ஸ்ப்ரே. பிரஷர் வாஷரைத் தையலுக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. ஈரத்தோடு மடக்கி நாள்கணக்கில் வைத்தால் பூஞ்சை நாற்றம் உறுதி. என் ஓட்டு மொஹேருக்குத்தான்.

சரி, இரும்புக்கூரை? 1996இல் வந்த மெர்சிடிஸ் எஸ்.எல்.கே இதை மறுபடி ஃபேஷன் ஆக்கியது. 2000இல் பெஜோ 206 சிசி சாதாரண விலைக்கே கொண்டுவந்தது. தெருவில் நிறுத்துபவருக்கு இதில் லாபம் உண்டு. யாரும் பிளேடால் கிழிக்க முடியாது, பாசி துடைக்கும் வேலையும் இல்லை. ஆனால் மடங்க வேண்டுமென்றால் கூரையைத் துண்டு போட வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே ஒரு மூட்டு, மூட்டுக்கு மூட்டு ஒரு பீடிங் ரப்பர். 2006இல் வந்த ஃபோக்ஸ்வாகன் ஈயோஸின் கூரை ஐந்து துண்டு, அதில் ஒன்று சன்ரூஃப் வேறு. அந்த ரப்பர்களுக்கு உரிய பசையை அவ்வப்போது தடவாவிட்டால் காய்ந்து சுருங்கி, மூலையில் சொட்ட ஆரம்பிக்கும். துணிக்கு வயதானால் பார்த்தாலே தெரியும். இரும்புக்கூரை வெளியே பளபளவென்று இருக்கும்போதே மூட்டில் கெட்டுப்போகும்.

செலவும் அப்படித்தான். பழைய எம்.எக்ஸ்-5 துணியை இரண்டு பேர் சேர்ந்து ஒரு வார இறுதியில் மாற்றிவிடலாம், நிறையப் பேர் செய்கிறார்கள். இரும்புக்கூரையில் ஒரு சென்சார் பிடிவாதம் பிடித்தாலே கூரை பாதியில் வானத்தைப் பார்த்து நிற்கும். அதற்குக் கணினி வைத்திருக்கும் ஆளைத் தேட வேண்டும். கார் நிறுவனங்களே திரும்பிவிட்டன: 2009 முதல் இரும்புக்கூரையோடு இருந்த பி.எம்.டபிள்யூ இசட்4, 2018இல் வந்த புதிய தலைமுறையில் மறுபடி துணி. மெர்சிடிஸ் எஸ்.எல் 2001 முதல் இரண்டு தலைமுறை இரும்போடு ஓடிவிட்டு 2021இல் துணிக்கு வந்தது. அவர்கள் சொன்ன முக்கியக் காரணம் எடை. பழைய கார் வாங்குபவருக்கோ அந்த மூட்டுகள்தான் காரணம்.

இரண்டுக்கும் பொதுவான ஆபத்து வடிகால்தான். அடைத்தால் தண்ணீர் எங்கே தேங்கும் என்பதைப் பொறுத்தது நஷ்டம். எம்.எக்ஸ்-5இல் முதல் இரண்டு தலைமுறைகளுக்கு வடிகால் இருக்கைகளின் பின்னால் இரண்டு பக்கமும் இருக்கும். அடைத்தால் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் இரும்புச் சட்டம் (சில் என்பார்கள்) உள்ளிருந்தே துருப்பிடிக்கும், கண்ணுக்குத் தெரியும்போது ஓட்டை விழுந்திருக்கும். முதல் தலைமுறை போர்ஷ பாக்ஸ்டரில் இருக்கைக்கு அடியில் இருக்கும் இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் மின்னணுப் பூட்டு) பெட்டி நனைந்தால் கார் கிளம்பாது. துணிக்கூரை போட்ட முதல் இசட்4இல் கூரையை மடக்கும் மோட்டாரே வடிகால் போகும் மூலையில் உட்கார்ந்திருக்கிறது. இதை யார் வடிவமைத்தாரோ, அவர் வீட்டு வாசலில் இலையுதிர் மரம் இருந்திருக்காது.

அதனால் கார் பார்க்கப் போகும்போது ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துப் போங்கள். கூரையைப் பாதி திறந்து, வடிகால் வாயில் மெதுவாக ஊற்றி, குனிந்து பாருங்கள். காருக்கு அடியில் உடனே கொட்ட வேண்டும். இருக்கைக்குப் பின்னால் கார்பெட்டை மேலாகத் தொட்டு ஏமாறாதீர்கள், கீழே இருக்கும் பஞ்சை அமுக்கிப் பாருங்கள். கதவுக் கண்ணாடி இடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். லேசாக உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை.

தினமும் ஓட்டும் ஒரே கார், இரவில் தெருவில்தான் நிற்கும் என்றால் இரும்புக்கூரை வாங்குங்கள், ஆனால் வயது குறைந்ததாக. பதினைந்து வருடம் ஓடிய வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு துணி. நான் இரண்டாவது முறையும் துணிதான் வாங்கினேன். ஷெட்டில் ஓர் ஆணியில் புல்வெட்டும் மெஷினின் நைலான் நரம்பு ஒரு முழம் தொங்குகிறது. கம்பியை விட்டால் வடிகால் குழாய் கிழியும், நரம்பு வளைந்து போகும். அக்டோபரில் ஒரு தடவை, இலையெல்லாம் கொட்டி முடிந்ததும் இன்னொரு தடவை.