பழைய ஏர் ரைபிள் சிலிண்டர்: டெஸ்ட் செய்வதா, புதுசு வாங்குவதா?

ஏர் ரைபிளில் மாட்டுகிற அழுத்தக் காற்று சிலிண்டரில் பொறித்த தேதியோடு அதன் 10 வருடக் கெடு முடிந்துவிட்டது, ஆனால் ஒரு கீறல் இல்லை, கேஜ் முள் 200 பாரில் (பார் என்பது அழுத்த அளவு) ஆடாமல் நிற்கிறது. தூக்கிப் போட மனசு வருமா?

செலவு: சிலிண்டர் இன்னும் அழுத்தம் தாங்குகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் மலிவு. புதுசு கையைக் கடிக்கும்.

அலைச்சல்: இவ்வளவு சின்ன சிலிண்டரை டெஸ்ட்டுக்கு எடுப்பவர்களைத் தேட வேண்டும். புதுசு என்றால் திருகி மாட்டினால் முடிந்தது.

பாதுகாப்பு: ஹைட்ரோ டெஸ்ட் என்கிற இந்த டெஸ்ட்டில் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது 300 பார் வரை ஏற்றி, உலோகம் நிரந்தரமாக விரிந்துவிட்டதா என்று பார்ப்பார்கள் (தண்ணீர் பெரிதாக அமுங்காது, அதனால் பிளந்தாலும் காற்று போலச் சிதறாது). பாஸானால் அன்றைக்குத் தாங்கியது என்று அர்த்தம், சிலிண்டரின் அலுமினியம் மறுபடி இளமையாகிவிடாது.

போட்டி: ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேச துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனம்) விதிப்படி, தயாரிப்பாளர் தந்த கெடு முடிவதற்குள் சிலிண்டரை மாற்றுவது வீரரின் பொறுப்பு. வெளியே எடுத்த டெஸ்ட் சீட்டு அங்கே செல்லாது.

ஆக, துப்பாக்கியில் மாட்டுகிற, கன்னத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சிலிண்டர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு புதுசு. அதை நிரப்ப வைத்திருக்கும் பெரிய ஸ்கூபா டேங்க் (கடலுக்கடியில் நீந்துபவர்கள் முதுகில் மாட்டும் காற்று டேங்க்) என்றால் டெஸ்ட் போதும், அது அவ்வப்போது டெஸ்ட் செய்து ஓட்டுவதற்கென்றே செய்தது.

அப்புறம், பழையதைக் காற்றை முழுக்க இறக்கிவிட்டு ஓட்டை போட்டுத்தான் காயலான் கடைக்கு அனுப்புங்கள்.