மலக்குடல், புராஸ்டேட் இரண்டிலும் புற்றுநோய்: ரோபோவா, திறந்த அறுவையா, தள்ளிப்போடுவதா?

மலத்தில் ரத்தம் என்று போனவருக்கு மலக்குடல் புற்றுநோய் என்று தெரிகிறது. எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்க எடுத்த எம்ஆர்ஐயில் மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியான புராஸ்டேட்டிலும் ஒரு கட்டி. அரிதுதான், ஆனால் வயதான ஆண்களிடம் நடக்கிறது. வீட்டார் உடனே கேட்பது: "ஒரே மயக்கத்துல ரெண்டையும் எடுத்துட முடியாதா டாக்டர்?"

முடியும். ஆனால் புராஸ்டேட்டை இப்போதே எடுத்தாக வேண்டுமா என்பதை முதலில் கேளுங்கள். பிரிட்டனில் புராஸ்டேட்டைத் தாண்டிப் பரவாத புற்றுநோய் இருந்த 1,643 ஆண்களைப் பின்தொடர்ந்தார்கள். கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு எதில் சேர்ந்திருந்தாலும் 15 ஆண்டுகளில் அந்த நோயால் இறந்தவர்கள் சுமார் 3 சதவீதம்தான். பயாப்ஸியில் வீரியம் குறைவு என்று வந்தால், மலக்குடலை மட்டும் எடுத்துவிட்டு, புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனையான பிஎஸ்ஏவைப் பார்த்துக்கொண்டிருப்பதே நல்லது என்பேன்.

வீரியமான கட்டி என்றால் கதை வேறு. மலக்குடலுக்கு அறுவைக்கு முன் கொடுக்கும் கதிர்வீச்சு 45 முதல் 50 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). புராஸ்டேட்டைக் குணப்படுத்த வழக்கமான முறையில் 74க்கு மேல் வேண்டும். அதே இடத்தில் அவ்வளவு ஏற்றினால், பிறகு குடலைத் தைக்கும்போது தையல் ஆறுவது சிரமம். ஒன்றை முடித்து மாதங்கள் கழித்து இன்னொன்று என்றால், முதல் அறுவையின் தழும்பில் மலக்குடலும் புராஸ்டேட்டும் இருந்த இடம் ஒட்டிப்போய், பிரிக்கும் தளமே தெரியாது. அதனால்தான் ஒரே நாளில் இரண்டையும் எடுப்பதற்கு நியாயம் இருக்கிறது.

ஆண்களின் இடுப்பெலும்புக் கூடு புனல் போல ஒடுங்கியது. திறந்த அறுவையில் தொப்புளுக்குக் கீழே நீளமாகக் கிழித்தாலும் அடிப்பகுதி எட்டுவது கடினம். ரத்தமும் அதிகம் போகும். ரோபோவில் மணிக்கட்டு போல் வளையும் கருவிகளும் பெரிதாகத் தெரியும் முப்பரிமாணக் காட்சியும் அங்கேதான் கைகொடுக்கின்றன. ரோபோவை இயக்கும் மேசையான கன்சோலை விட்டு சிறுநீரகவியல் மருத்துவர் எழுந்ததும் குடல் நிபுணர் உட்காருகிறார்; கருவிகள் நுழைய வயிற்றில் போட்ட துளைகளில் பெரும்பாலானவை அப்படியே பயன்படும்.

ஆனாலும் ரோபோவுக்கு இருக்கும் ஆதாரம் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை. மலக்குடலுக்கு மட்டும் 471 பேரிடம் நடந்த ரோலார் ஆய்வில், நடுவில் திறந்த அறுவைக்கு மாற வேண்டியிருந்தது லேப்ராஸ்கோபியில் (ரோபோ இல்லாமல் கையாலேயே செய்யும் துளைவழி அறுவை) 12.2, ரோபோவில் 8.1 சதவீதம். உறுதியான வித்தியாசம் என்று அதைச் சொல்ல முடியவில்லை. பெண்களுக்கோ தெளிவான எச்சரிக்கையே இருக்கிறது: இருக்கும் இரண்டு புற்றுநோய்களில் ஒன்று கர்ப்பப்பை வாயில் என்றால், அந்த நோய்க்கு மட்டும் 2018இல் வந்த ஆய்வில் நோய் திரும்பாமல் 4.5 ஆண்டுகள் இருந்தவர்கள் துளைவழி அறுவையில் (லேப்ராஸ்கோபி, ரோபோ) 86 சதவீதம், திறந்த அறுவையில் 96.5. அங்கே நான் திறந்த அறுவையின் பக்கம்.

எந்த முறையானாலும் ஒரு இடம் மாறாது. புராஸ்டேட் போனதும் மூத்திரப்பையைச் சிறுநீர்க் குழாயோடு தைக்கிறார்கள். அதற்கு நேர் பின்னால் குடலின் தையல். நடுவில் எதுவும் இல்லை. இரண்டில் ஒன்று கசிந்தாலும் ஓட்டை விழுந்து மலவாய் வழியே மூத்திரம் வரலாம். அதனால் குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரையை இறக்கி இடையில் வைப்பார்கள். சில மாதங்களுக்கு மலம் சேரும் பை வயிற்றின் மேல் ஒட்டியிருக்கும். விறைப்புக்கான நரம்புகள் இரண்டு அறுவையிலும் பாதையிலேயே கிடப்பவை. கையெழுத்துக்கு முன்பே இதைக் கணவன் மனைவி இருவரிடமும் மருத்துவர் பேசியிருக்க வேண்டும்.