மணக்கடவுத் தண்ணீரும் நாலாயிரம் பேரும்: டெலிகிராம் குழு நடத்திய ஆறு ஆண்டு அனுபவம்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறையை ஒட்டி எங்கள் தோப்பு இருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கமும் பொள்ளாச்சிப் பக்கமும் உள்ள தென்னை விவசாயிகள் கலந்து பேசுவதற்காக 2019-இல் டெலிகிராமில் ஒரு குழு தொடங்கினோம். அன்று வாட்ஸ்அப் குழுவில் 256 பேர்தான் சேர முடியும். டெலிகிராமில் இரண்டு லட்சம் பேர் வரை சேரலாம். இப்போது நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறோம்.

சண்டை பெரும்பாலும் தண்ணீரில்தான் தொடங்கும். 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி, மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. கேரளத்துக்கு வந்து சேர வேண்டும். கோடையில் வரத்து குறைந்ததும் சித்தூர்க்காரர் ஒருவர் கேள்வி எழுப்புவார். தங்கள் கடைமடையே காய்ந்து கிடப்பதாகப் பொள்ளாச்சிக்காரர் பதில் சொல்வார். அரை மணி நேரத்தில் பேச்சு தண்ணீரை விட்டு மாநிலத்துக்கும், அங்கிருந்து பிறப்புக்கும் போய்விடும். வேர்வாடல் நோயைப் பற்றிய பேச்சும் இப்படித்தான். பூச்சிகளால் பரவும் பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி உண்டாக்கும் அந்த நோய்க்கு, பக்கத்து ஊர்க்காரரைக் குற்றவாளியாக்கிவிடுவார்கள்.

தொடக்கத்தில் நாங்கள் செய்த பெரிய தவறு, வசை எழுதியவரை உடனே நீக்கியது. பாசன விவரம் முழுவதும் அறிந்த பெரியவர் ஒருவரை, ஓர் இரவு எழுதிய ஒரே சொல்லுக்காக நீக்கினேன். அவரோடு பதினைந்து பேர் வெளியேறினார்கள். வாய்க்கால் கணக்கைச் சொல்ல ஆளில்லாமல் போனபோதுதான், தோப்பு காய்கிற வேதனையில் பேசியவரைக் கலகக்காரராக நடத்திவிட்டேன் என்பது உறைத்தது.

உண்மையாகவே பயன்பட்டது ‘மெதுவாக்கும் முறை’. ஒருவர் ஒரு பதிவிட்டபின் அடுத்ததற்குப் பத்து நொடியிலிருந்து ஒரு மணி நேரம் வரை காத்திருக்கும்படி இதில் அமைக்கலாம். தண்ணீர் பேச்சு சூடாகும் நாட்களில் நாங்கள் பதினைந்து நிமிடம் வைக்கிறோம். காத்திருக்க வேண்டியவர் ஒரு வரி ஏச்சுக்குப் பதிலாக, மதகில் எத்தனை கன அடி வருகிறது என்ற கணக்கோடு எழுதுவதைத் தொடர்ந்து பார்த்திருக்கிறேன்; வேகமாகத் தட்டச்சு செய்யத் தெரியாத முதியவர்களுக்கும் பேச இடம் கிடைக்கிறது. நிர்வாகிகளுக்கு இந்தத் தடை இல்லை என்பதால், அதே இடைவெளியை நாங்களாகவே கடைப்பிடிக்கிறோம். அதைச் செய்யாத வாரத்தில் எழுந்த புகார்கள் முழுக்க நியாயமானவை.

நீக்குவதற்குப் பதில், முதல் முறை ஒரு நாள், அடுத்த முறை ஒரு வாரம் என்று பதிவிடும் உரிமையை மட்டும் நிறுத்திவைக்கிறோம். 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரோம், நெடுங்காலம் நிலைத்த பாசன அமைப்புகளிலும் பிற பொதுவளங்களிலும் தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூடுவதைக் கண்டு எழுதியவர். முறைத் தண்ணீர் பாய்ச்சும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

2020-இல் வந்த, நிர்வாகி பெயரை மறைக்கும் வசதியைச் சில மாதங்கள் பயன்படுத்திக் கைவிட்டோம். யார் தடுத்தார் என்று தெரியாதபோது, எதிர்ப்பக்கத்து ஆள்தான் தடுத்தார் என்றே இரு தரப்பும் நம்பின. நிர்வாகிகள் செய்ததைக் காட்டும் டெலிகிராமின் நடவடிக்கைப் பதிவேடு 48 மணி நேரம்தான் இருக்கும் என்பதால், தேதி, காரணம், தடுத்தவர் பெயர் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவைக்கிறோம்.

உறுப்பினர் இடும் பதிவுக்காகத் தம்மீது வழக்கு வரும் என்ற அச்சத்தில் சில நிர்வாகிகள் எதையும் கண்டபடி அழித்துவந்தார்கள். வாட்ஸ்அப் குழு நிர்வாகி பிறர் பதிவுக்குப் பொறுப்பாக மாட்டார் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்த பிறகு அந்தப் பதற்றம் குறைந்தது. அதே ஆண்டின் இறுதியில் டெலிகிராமில் குழுவைத் தலைப்பு வாரியாகப் பிரிக்கும் வசதி வந்தது; தண்ணீருக்குத் தனித் தலைப்பு வைத்ததால் கொப்பரை விலை பார்க்க வருபவருக்கு இடையூறு இல்லை.

இத்தனைக்கும் பிறகு, தடுக்கும் முன் தொலைபேசியில் பேசுவதை நாங்கள் விடவில்லை. பொள்ளாச்சிக்காரரிடம் பொள்ளாச்சி நிர்வாகியும், சித்தூர்க்காரரிடம் நானும் பேசுகிறோம். “ஏனுங்கண்ணா, அந்த ஒரு வார்த்தைய மட்டும் எடுத்துட்டு மறுபடி போடுங்க, நீங்க கேட்ட கேள்வி எல்லாருக்கும் வேணுங்க” என்று சொன்னால் பெரும்பாலோர் திருத்திவிடுகிறார்கள். நான் நீக்கிய பெரியவரிடம் 2022-இல் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுத் திரும்ப அழைத்தேன். தண்ணீர்த் தலைப்பில் காலைதோறும் மணக்கடவு வரத்தைப் பதிவிடுபவர் இப்போது அவர்தான்.